பேர் சொல்லிக் கூப்பிட்டால்

"பேரச் சொல்லிக் கூப்டுங்கோ, பாக்கலாம்" என்றார் டாக்டர் விஜயலட்சுமி.

மாரிசெல்வி மகனைப் பார்த்தாள். இரண்டு வயது இரண்டு மாதம். கிளினிக்கின் மூலையில் இருந்த எடை மிஷினுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். தட்டைக் கையால் அமுக்குவதும், முள் ஓடித் திரும்புவதை மூக்கு படும் தூரத்தில் குனிந்து பார்ப்பதுமாக இருந்தான். முதுகு இவர்கள் பக்கம்.

"சாமி" என்றாள். "ஏல, சாமீ."

அவன் திரும்பவில்லை.

"சாமியா அவன் பேரு? கார்டுல வேற இருக்கே." டாக்டர் தடுப்பூசி அட்டையைப் புரட்டினார். "வெயிலுமுத்து. அப்படிக் கூப்டுங்கோ."

மாரிசெல்வி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "அது எங்க மாமா பேரு டாக்டர். வீட்டுக்காரரோட அப்பா. நான் சொல்லக் கூடாது."

டாக்டர் சிரிக்கவில்லை. மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவர், தாராவிப் பிள்ளைகளை இருபது வருடமாகப் பார்க்கிறவர். "சரி. ஆத்துல வேற யார் அந்தப் பேரச் சொல்லிக் கூப்டுவா?"

மாரிசெல்வி யோசித்தாள். மாமியார் இவள் வாழ்க்கைப்படும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். புருஷன் ராஜபாண்டி பிள்ளையை 'அய்யா' என்பான். பெற்ற தகப்பன் பேரோடு 'ஏல' சேர்க்க அவனுக்கு வாய் வராது. மாமாவுக்குத் தன் பேரைத் தானே கூப்பிடக் கூச்சம், 'பேராண்டி' என்பார். பக்கத்து வீட்டு மதீனா பீவி அக்காவுக்கு அவன் 'ராஜா'. பால்வாடி டீச்சருக்கு, எல்லாப் பிள்ளைகளையும் போல, மராத்தியில் 'பாளா'. தாத்தா பேரை ஆசையாக வைத்தார்கள். அது ஆதாரிலும் இந்த அட்டையிலும் மட்டும் இருந்தது.

"யாருமே இல்ல டாக்டர்."

டாக்டர் பழைய காகிதம் ஒன்றை எடுத்தார். "ஒன்றரை வயசு ஊசிக்கு வந்தப்போ இதே கேள்வி இருக்கு. 'பேருக்குத் திரும்புகிறானா.' ஆமான்னு டிக் போட்டிருக்கு."

மாரிசெல்விக்கு அந்த நாள் நினைவிருந்தது. நல்ல கூட்டம். நர்ஸ் கேள்விகளை ரயில் வேகத்தில் படித்தாள். மாமனார் பேர், மருமகள் சொல்ல மாட்டாள் என்றெல்லாம் ஹிந்தியில் விளக்கிக்கொண்டிருக்க வெட்கமாக இருந்தது. வீட்டில் அவனை எப்படியோ கூப்பிடுகிறோம், சில நேரம் திரும்புகிறான். ஆமா என்று சொல்லிவிட்டு ஊசிக்கு மடியைத் தயார் செய்தாள்.

டாக்டர் எழுந்து பையனின் பின்னால் போய்ச் சாவிக்கொத்தைக் குலுக்கினார். அவன் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டரின் நிழல் தட்டில் விழுந்ததும் அண்ணாந்து பார்த்து, பல் தெரியச் சிரித்தான்.

"விரல் நீட்டி அது வேணும், இது வேணும்னு காட்டறானா?"

"இல்ல. கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போவான்."

"அம்மான்னு?"

மாரிசெல்வி இல்லை என்று தலையசைத்தாள்.

"காதா இருக்கலாம். வளர்ச்சியில வேற ஏதாவது இருக்கலாம். ரெண்டும் இருக்கலாம், ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். பாக்காம நான் சொன்னா அது ஜோசியம்." டாக்டர் கடிதம் எழுதத் தொடங்கினார். "மூணு வாரம் கழிச்சு வியாழக்கிழமை, பெரிய ஆஸ்பத்திரி. மொதல்ல காது. தூங்கறதுக்கு மருந்து கொடுப்பா. தலையில சின்னதா ஒயர் ஒட்டி, காதுல சத்தம் விட்டு, அது மூளைக்குப் போறதான்னு மிஷின்ல பாப்பா. வலிக்காது. இன்னொரு நாள் வரச் சொல்லி, விளையாட விட்டு வளர்ச்சியையும் பாப்பா. இந்தத் தேதிய விட்டா அடுத்தது நாலு மாசம் ஆகும்."

"நாலு மாசத்துல என்ன ஆயிரும் டாக்டர்?"

"பேச்சு பிடிபடற வயசும்மா இது. பெரியவாளுக்கு நாலு மாசம் ஒண்ணுமில்லே. இவனுக்கு அது ரொம்ப." கடிதத்தை மடித்துக் கொடுத்தார். "ஆத்துல பேசிண்டு முடிவு பண்ணுங்கோ. அப்பாவும் வரட்டும்."

*

வீடு, கீழே ஒரு அறை. மேலே மாளா என்று எல்லோரும் சொல்லும் பலகைத் தட்டு. இரும்பு ஏணியில் ஏறிப் போகவேண்டும். கீழே அடுப்பும் டிவியும் மாமாவின் கட்டிலும். மேலே பிளைவுட் தரையில் இவர்கள் மூன்று பேரின் படுக்கை.

ராஜபாண்டி அப்துல் வாஹித் பாயின் பை தைக்கும் கார்கானாவில் தோல் வெட்டுகிறவன். சாயங்காலம் வந்து கை கழுவிவிட்டுக் கடிதத்தை வாங்கினான். அதோடு இருந்த ஆஸ்பத்திரித் தாளில் ஒயர் ஒட்டிய தலைப் படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏங்க, வியாழக்கிழம லீவு சொல்லிருங்க."

"எதுக்கு?" கடிதத்தை மடித்தான். அவன் கத்துகிறவன் இல்லை. கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அவளிடம் குரல் உயர்த்தியது கிடையாது. மாட்டேன் என்பதைக்கூடத் தோல் வெட்டுவது போல ஓரம் பார்த்து, நிதானமாகச் சொல்வான். "பேரே சொல்லாம வளத்துட்டு, பேருக்குத் திரும்பலன்னா அவன் என்ன செய்வான்? நாளைக்கு ஒன்ன ஒருத்தன் பார்வதின்னு கூப்பிட்டா நீ திரும்புவியாட்டி?"

"சாவிய ஆட்டுனாவ. அதுக்கும் திரும்பல."

"வெளையாட்டு மும்முரத்துல இருந்திருப்பான். நான் கட்டிங்ல இருக்கும்போது நீ போன் அடிச்சா எடுக்கனா?"

"நீங்க எப்பமும்தான் எடுக்க மாட்டிய."

கட்டிலில் இருந்த மாமா சிரித்தார். "நானே நாலு வயசு வரைக்கும் வாய் தொறக்கலன்னு எங்க ஆத்தா சொல்லும்மா. அதுக்குப் பொறவு இன்னைக்கு வரைக்கும் மூடல."

வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்த மதீனா பீவியும் சேர்ந்துகொண்டாள். "வீட்ல தமிழு, சந்துல ஹிந்தி, பால்வாடியில மராத்தி, போன்ல இங்கிலீசு. அந்தப் புள்ள எந்தக் கடையில வாங்கித்தான் பேசும்? கொழம்பிப் போயி நிக்குது."

எல்லோரும் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதுதான் மாரிசெல்விக்குப் பயமாக இருந்தது. பத்து வீட்டில் பத்துக் காரணம் கிடைக்கும், பத்தும் நம்பும்படி இருக்கும், பிள்ளைக்கு மூன்று வயதாகிவிடும்.

"ஒண்ணு செய்வோம்" என்றான் ராஜபாண்டி. "இன்னையிலருந்து எல்லாரும் பேரச் சொல்லியே கூப்பிடுவோம். ஒரு மாசம். அதுக்கும் திரும்பலன்னா நானே தூக்கிட்டுப் போறேன்."

"ஒரு மாசம்னா தேதி போயிரும்."

"வேற தேதி வாங்குவோம்."

"நாலு மாசம்ங்க."

அவன் மகனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஏணி ஏறினான்.

*

மறுநாள் காலையே ஆரம்பமாயிற்று.

"வெயிலுமுத்து!" என்று ராஜபாண்டி கூப்பிட்டான்.

"என்னல?" என்று கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினார் மாமா.

"ஒன்ன இல்லப்பா. அவன."

பிள்ளை சுவரோரம் டப்பா மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது தடவை கூப்பிட்டபோதும் மாமாதான் திரும்பினார். மூன்றாவது தடவை தகப்பனும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். மாரிசெல்வியும் அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். பேரன் மூடிகளை அடுக்கிக்கொண்டே இருந்தான்.

அவள்தான் கூப்பிட முடியாமல் தவித்தாள். மாமா முன்னால் அந்தப் பேர் தொண்டையைத் தாண்டவில்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் பத்து மணிக்குச் சட்டையை மாட்டினார்.

"நான் டீக்கடைக்குப் போயிட்டு வாரேன் தாயி. நீ கூப்பிடு. ஒரு மணி நேரம் ஆவும்."

"மாமா, வெயிலா இருக்கு."

"இருக்கட்டும். நான் இல்லாதப்போ சொன்னா தப்பில்ல."

அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்கு அவர் வெளியே போனார். டீக்கடை, தொண்ணூறு அடி ரோடு, மறுபடி டீக்கடை. அந்த ஒரு மணி நேரத்தில் மாரிசெல்வி கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். முதலில் உதட்டுக்குள், பிறகு கொஞ்சம் வெளியே, பிறகு சந்துக்கே கேட்கும்படி.

"என்னட்டி செல்வி," மதீனா பீவி எட்டிப் பார்த்தாள், "மாமனாரப் பேர் சொல்லி வையுத? சொத்துத் தகராறா?"

"புள்ளையக் கூப்பிடுதேன்க்கா."

"திரும்புதானா?"

மாரிசெல்வி பிள்ளையின் முதுகைப் பார்த்தாள். மதீனா பீவி அதற்கு மேல் கேலி செய்யவில்லை. உள்ளே வந்து அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது வாரத்தில் மாமா திரும்புவதை நிறுத்திவிட்டார். பழகிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். ஒருநாள் பின்னாலிருந்து கவனித்தாள். ராஜபாண்டி கூப்பிடும்போது மாமாவின் பிடரி விறைத்தது, கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்தது. திரும்பாமல் இருக்க அந்த மனிதர் பாடுபட்டுக்கொண்டிருந்தார். மூன்று அடி தள்ளி அவர் பேரன் எந்தப் பாடும் இல்லாமல் இருந்தான்.

ஆனால் ராஜபாண்டி சந்தோஷமாக இருந்தான். "மேல வந்து பாரு. தெனமும் திரும்புதான். நான் கூப்பிட்டா மட்டும் திரும்புதான்."

உண்மைதான். மேலே அவன் கூப்பிட்டால் பிள்ளை திரும்பியது. சிரித்துக்கொண்டு ஓடியும் வந்தது. மாரிசெல்வியும் பார்த்தாள். பார்த்த அன்று வயிறு நிறையச் சாப்பிட்டாள். டாக்டருக்குத்தான் அவசரமோ, நான்தான் என் பிள்ளையை நம்பவில்லையோ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கடிதம் டிவியின் அடியில் கிடந்தது. வியாழக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாமா கீழே கட்டிலில் சாய்ந்திருந்தார். துவைத்த துணியை மேலே வைக்க மாரிசெல்வி ஏணியில் ஏறினாள். தலை மாளாவுக்கு மேலே வந்தது. ஒரு கையில் துணி, மறு கை பிளைவுட் விளிம்பைப் பிடித்திருந்தது. பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். இவளுக்கும் அவனுக்கும் நடுவில் ராஜபாண்டி நின்றிருந்தான்.

"வெயிலுமுத்து!"

அவள் உள்ளங்கை அதிர்ந்தது.

பிள்ளை திரும்பிச் சிரித்தான்.

"பாத்தியா?" என்றான் ராஜபாண்டி.

மாரிசெல்வி அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடும்போது வலது குதிகால் எழுந்து பலகையில் விழுந்திருந்தது. ஆசையாகக் கூப்பிடுகிற யாருக்கும் அப்படி உடம்பு முன்னால் போகும். அவன் அறிந்து செய்ததில்லை.

"இன்னொரு தடவ கூப்பிடுங்க" என்றாள்.

பிள்ளை ஜன்னலுக்குத் திரும்பும்வரை காத்திருந்து கூப்பிட்டான். குதிகால் விழுந்தது. விளிம்பு அதிர்ந்தது. பிள்ளை திரும்பினான்.

"இப்போ காலத் தூக்காம கூப்பிடுங்க."

"என்ன?"

"கால அசைக்காதீங்க. கூப்பிட மட்டும் செய்ங்க."

அவன் அவளைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான். பிறகு இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நிற்கிறவன் போல, "வெயிலுமுத்து" என்றான்.

ஜன்னலில் காகம் ஒன்று உட்கார்ந்து பறந்தது. பிள்ளை அதைப் பார்த்தான்.

"வெயிலுமுத்து!" இன்னும் உரக்க. "ஏல அய்யா! வெயிலுமுத்து! ஏ வெயிலுமுத்தூ!"

பிள்ளையின் பிஞ்சுக் கழுத்து அசையவில்லை.

ராஜபாண்டி மெதுவாக மண்டியிட்டான். எதுவும் சொல்லாமல் உள்ளங்கையால் பலகையை ஒரு தட்டுத் தட்டினான். பிள்ளை உடனே திரும்பி, எழுந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவன் மேல் வந்து விழுந்தான்.

கீழே கட்டில் கிரீச்சிட்டது. மாமா ஏணியடிக்கு வந்து அண்ணாந்து நின்றார்.

"கேட்டுதுல" என்றார். "அத்தன தடவையும் எனக்குக் கேட்டுது. எனக்கு ஒரு காது மந்தம். அறுவத்தெட்டு வயசு. கீழ படுத்துக் கெடக்கேன். எனக்கே கேட்டுது." கொஞ்சம் நிறுத்தி, "அவனக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அன்று சட்டை போட மறந்துவிட்டார்.

ராஜபாண்டி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். மாரிசெல்வி மேலே ஏறி அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"எங்க கார்கானாவுல ஒருத்தன் இருந்தான்" என்றான். "பேச வராது, காதும் கேக்காது. எல்லாரும் அவனக் கூங்கான்னுதான் கூப்பிடுவோம். ஊமைங்கத ஹிந்தில. நல்ல வேலைக்காரன். எட்டு வருசம் பக்கத்துல உக்காந்து வேல பாத்தேன் செல்வி. அவன் பேரு என்னன்னு எனக்குத் தெரியாது. ஒரு நாளும் கேக்கல. நானும் அப்படித்தான் கூப்புட்டேன். நீ அந்தக் கடுதாசியக் கொண்டுவந்த அன்னைக்கு எனக்கு அவன் மொகம்தான் வந்துச்சு."

"அதான் வேண்டாம்னியளா?"

"ஆஸ்பத்திரியில எழுதிட்டாங்கன்னா இவனுக்கும் அதுதான் பேருன்னு ஆயிருமோன்னு இருந்துச்சு."

மாரிசெல்வி பிள்ளையின் முதுகில் ஒட்டியிருந்த நூலை எடுத்தாள். "அந்த ஆள சின்னதுல யாராவது கூட்டிட்டுப் போயிப் பாத்தாங்களா?"

"தெரியாது."

"எழுதலன்னாலும் ஒங்க கார்கானாவுல கூங்கான்னுதானே கூப்பிட்டிய."

அது அவனைச் சுட்டது. அவளுக்கும் சொன்னதும் கஷ்டமாகிவிட்டது. "நானும்தான்" என்றாள் அவசரமாக. "ஒன்றர வயசுல கேட்டாவ. ஆமா திரும்புவான்னு சொல்லிட்டேன். அன்னைக்கே உண்மையச் சொல்லிருந்தா எட்டு மாசம் முன்னாலயே பாத்திருப்பாவ. அந்த எட்டு மாசத்த நான்தான் தொலைச்சேன்."

"நீ ஒரு தடவதான் ஆமான்ன. நான் தெனமும் தட்டியிருக்கேன்."

பிள்ளை அவன் கையை எடுத்துப் பலகையில் வைத்தான். மறுபடி தட்டச் சொல்கிறான். ராஜபாண்டி தட்டினான். பிள்ளை கெக்கெக்கே என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் எந்தக் குறையும் இல்லை. அதைக் கேட்கத்தான் இருவருக்கும் தாங்கவில்லை. மாரிசெல்வி புருஷன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவன் சட்டையில் துவைத்தும் போகாத தோல் வாசம் அடித்தது.

"வியாழக்கிழம எத்தன மணிக்கு?" என்றான் அவன்.

"ஒம்பது."

"வாஹித் பாய்கிட்ட இப்பமே சொல்லிருதேன்."

"என்னன்னு சொல்லுவிய?"

யோசித்தான். "மகனுக்கு டெஸ்ட்டுன்னு. வேற என்ன சொல்ல?"

*

தூங்க வைத்துப் பார்க்கிற டெஸ்ட் என்பதால் பிள்ளையைச் சீக்கிரமே எழுப்பி, வெறும் வயிற்றோடு, வழியில் தூங்கவிடாமல் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் அவனுக்குக் கண் சொருகிக்கொண்டே வந்தது. மாரிசெல்வி ஈரக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாள். ராஜபாண்டி உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டினான். பிள்ளை அழுதான், சிரித்தான், மறுபடி அழுதான். முன் சீட்டு அம்மாள் திரும்பி, "தூங்குற புள்ளையப் போட்டு ஏன் இந்தப் பாடு படுத்துறீங்க?" என்று கடிந்துகொண்டாள். இருவரும் மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்து வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ராஜபாண்டி கையெழுத்துப் போட்டான். போடும் முன் ஹிந்தியில் எழுதியிருந்ததை வரிவரியாக விரல் வைத்துப் படித்தான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவன் அவசரப்படவில்லை. மருந்தில் பாதியைப் பிள்ளை துப்பிவிட்டான். மீதிப் பாதியும் காலையிலிருந்து விழித்திருந்த களைப்பும் சேர்ந்து, அரை மணி நேரத்தில் தகப்பன் தோளில் தலை சாய்ந்தது.

கதவைத் திறந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒருவர் மட்டும் வரலாம் என்றாள்.

ராஜபாண்டி பிள்ளையை மனைவியிடம் நீட்டினான்.

"நீங்க போங்க" என்றாள் மாரிசெல்வி.

"நானா? நீ போட்டி. எனக்கு அந்த ஒயரெல்லாம் பாக்க..."

"அதான் சொல்லுதேன். நீங்களே கூட இருங்க. என்ன சொன்னாலும் ஒங்க காதால கேளுங்க. நான் வந்து சொன்னா ஒங்களுக்கு நம்பச் சங்கடமா இருக்கும்."

"இனிமே அப்படி இல்ல."

"இருந்தாலும் போங்க."

அவன் அவளை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு பிள்ளையின் தலையைக் கையால் தாங்கிக்கொண்டு, விழித்துவிடக் கூடாதே என்று அடிமேல் அடி வைத்து உள்ளே போனான். கனமான கதவு. மூடியதும் உள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

மாரிசெல்வி பெஞ்சில் உட்கார்ந்தாள். போன் அடித்தது. மாமா.

"ஆச்சா தாயி?"

"இப்பதான் உள்ள போயிருக்காவ மாமா."

"சரி, வையி."

ஐந்து நிமிடத்தில் மறுபடி அடித்தது.

"இன்னும் இல்ல மாமா. ஒரு மணி நேரம் ஆவும்னாவ."

"சரி சரி. நீ சாப்பிட்டியா?"

"புள்ள சாப்பிடலல்லா. எப்படி மாமா?"

"டப்பாவத் தொறந்து ரெண்டு இட்லி தின்னு. இனிமே நெறைய நடக்கணும் நீ."

அவர் வைத்துவிட்டார். அவள் டப்பாவைத் திறந்தாள். இரண்டு இட்லி சாப்பிட்டாள், மீதியை அவர்கள் இருவருக்கும் மூடி வைத்தாள். எதிர் பெஞ்சில் ஒரு பெண் தூங்கும் குழந்தையோடு தன் முறைக்குக் காத்திருந்தாள். கதவு இன்னும் திறக்கவில்லை. போன் மூன்றாம் தடவை அடித்தது.

"ஒண்ணுமில்லம்மா, சும்மாதான்" என்றார் மாமா. "வச்சிருதேன்."

"வைக்காதீங்க மாமா" என்றாள் மாரிசெல்வி. "இருங்க."

அவர் இருந்தார். அவள் போனைக் காதோடு வைத்துக்கொண்டு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது.